என்ன கூத்து இது!

இன்று காலை எழுந்தது முதல் இந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்த நிமிஷம் வரையில், "கூத்து" என்ற சொல்லை எத்தனை தடவை உபயோகித்தீர்கள்? கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே!

பால்காரப் பையன் இரண்டு பாக்கெட் போட வேண்டிய இடத்தில் நாலு பாக்கெட் போட்டுவிட்டுப் போயிருப்பான். "இதென்ன கூத்து?" என்றிருப்பீர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒரு காலில் தன் செருப்பையும் மறு காலில் அக்காவின் செருப்பையும் மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான். "ஊரில் இல்லாத கூத்தாக இருக்கிறதே!" என்று மாமியார் முகவாய்க்கட்டையில் கையை வைத்திருப்பார். மத்தியானம் அடுத்த வீட்டு அம்மாள் குரலைத் தாழ்த்திக் கொண்டு, "இந்தக் கூத்தைக் கேட்டீர்களா?" என்று ஆரம்பித்திருப்பாள். சாயங்காலம் குழந்தைகளைப் பார்த்து, "கூத்தடித்தது போதும், படிக்க உட்காருங்கள்!" என்று நீங்களே ஒரு அதட்டல் போட்டிருப்பீர்கள்.

இதெல்லாம் பழைய சொல். இரவு டெலிவிஷனைத் திருப்பினால் புதிய சொல் ஒன்று காத்திருக்கிறது. நேற்று வரை ஒருவரையொருவர் திட்டிக் கொண்டிருந்த இரண்டு தலைவர்கள் இன்று கட்டித் தழுவிக் கொள்வார்கள். உடனே ஒருவர், "இது ஓர் அபத்த நாடகம்" என்பார். மறுநாள் பத்திரிகையைப் பார்த்தால் சட்டசபையில் நடந்தது அபத்த நாடகம். கிரிக்கெட் மைதானத்தில் நடந்தது அபத்த நாடகம். கல்லூரி அட்மிஷனும் அபத்த நாடகம்.

நம் வீட்டுக் "கூத்து"க்கும் அவர்களுடைய "அபத்த நாடக"த்துக்கும் ஏதாவது உறவு உண்டா? பெரியப்பா, சித்தப்பா மாதிரி நெருங்கிய சொந்தம்தானா, அல்லது கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்த பழக்கம் மட்டும்தானா? இதைத்தான் இன்று உங்களுடன் சேர்ந்து கொஞ்சம் ஆராய்ந்து பார்க்க ஆசைப்படுகிறேன்.

நாடக சாஸ்திரம் படித்த பண்டிதை அல்ல நான். ஆனால் செம்மங்குப்பத்துக்காரி. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், சிப்காட் ஆலைகளுக்கு அருகே இருக்கிறதே, அந்த ஊர்தான். வடக்கே போனாலும் மேற்கே போனாலும் தெருக்கூத்து. தெற்கே போனால் சாக்ஷாத் கூத்தப்பிரானே சந்நிதி கொண்டிருக்கிறான். கூத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பெரிய பட்டம் எந்தச் சர்வகலாசாலையில் கொடுப்பார்கள்?

* * *

முதலில் சிதம்பரத்துக்கே போவோம்.

அங்கே ஆடுகிற பெருமானுக்குக் கூத்தன் என்று பெயர். அவன் ஆடுகிற இடம் அம்பலம். அகில உலகமும் அந்த ஆட்டத்தில்தான் இயங்குகிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. அப்படிப்பட்ட மகா பெரிய சொல்லை எடுத்துத்தான், செருப்பை மாற்றிப் போட்ட பையனுக்கும் சூட்டியிருக்கிறோம்! அம்பலத்தையும் நாம் விட்டு வைக்கவில்லை. "விஷயம் அம்பலத்துக்கு வந்துவிட்டது" என்று சொல்லும்போது, பொன்வேய்ந்த கூரையா நம் நினைவுக்கு வருகிறது? யாரோ ஒருவருடைய மானம் போன கதையல்லவா வருகிறது!

"சிதம்பர ரகசியம்" இன்னும் வேடிக்கை. பக்கத்து வீட்டுக்காரர் சம்பளம் எவ்வளவு என்பது தெரியாவிட்டால், "அது சிதம்பர ரகசியம்" என்கிறோம். உண்மையான ரகசியத்தைத் தரிசித்தவர்களுக்குத் தெரியும். திரையை விலக்குவார்கள். உள்ளே விக்கிரகம் கிடையாது. தங்க வில்வ மாலை தொங்கும். மற்றபடி வெறும் வெளி. பஞ்சபூதத் தலங்களில் சிதம்பரம் ஆகாயத் தலமல்லவா? அந்த வெளியைத்தான் சுவாமியாகக் கும்பிடுகிறோம்.

திரை விலகுகிறது, ஒன்றும் இல்லாத இடம் தெரிகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் பாரிஸ் நகரத்துக்குப் போகும்போது இது நமக்குத் தேவைப்படும்.

அதற்கு முன் தெருக்கூத்து. பழைய தென்னாற்காடு ஜில்லாவில் திரௌபதி அம்மன் கோவில் திருவிழா என்றால், பகலில் பாரதம் படிப்பதும் இரவில் கூத்து நடப்பதும் வழக்கம். கடைசியில் தீமிதி. கூத்து இரவு ஆரம்பித்தால் பொழுது விடிகிற வரையில் நடக்கும். பெண்பிள்ளைகள் கையோடு பாயும் போர்வையும் கொண்டுபோய், குழந்தைகளை மடியில் படுக்க வைத்துக் கொண்டு பார்ப்பார்கள்.

இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக் கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ராஜா பாடுவார். கட்டியங்காரன் என்ற கோமாளி முன்னால் நின்று, "அங்கே யாரய்யா அது?" என்கிற தோரணையில் விசாரணை நடத்துவான். எவ்வளவு பெரிய சக்கரவர்த்தியாக இருந்தாலும், அந்தக் கோமாளியிடம் தாம் யார் என்று சொல்லிவிட்டுத்தான் சபைக்குள் நுழைய முடியும்! துரியோதனன் மீசையை முறுக்குகிறபோது கட்டியங்காரன் பக்கத்தில் நின்று உள்ளூர் விலைவாசியைப் பற்றி ஒரு போடு போடுவான். சிரிப்பு ஓய்வதற்குள் யுத்தம் ஆரம்பித்துவிடும்.

ஆனால் எல்லா இரவும் சிரிப்பு இரவு அல்ல. திரௌபதி துகிலுரிதல் நடக்கிற இரவில், கூட்டத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். துச்சாதனன் வேஷம் கட்டுகிறவர் அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக் கொண்டு புடைவையில் கை வைப்பது பல இடங்களில் வழக்கம். வேஷம்தான், ஆனாலும் செய்கிற காரியம் பாவம் என்று அவருக்குத் தெரிகிறது.

அந்தச் சபையை ஒரு நிமிஷம் மனக்கண் முன் கொண்டு வாருங்கள். பீஷ்மர் இருக்கிறார். துரோணர் இருக்கிறார். தர்ம சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: தம்மையே முதலில் தோற்றுவிட்ட ஒரு மனிதருக்கு, பிறகு என்னைப் பணயம் வைக்க என்ன பாத்தியதை? யாரிடமிருந்தும் நேரான பதில் வரவில்லை.

சட்டம் இருக்கிறது, சபை இருக்கிறது, பெரியவர்கள் இருக்கிறார்கள், பதில் மட்டும் இல்லை. அபத்தம் என்றால் என்ன என்று என்னை யாராவது கேட்டால், பாரிஸுக்குப் போகாமல் இந்தச் சபையைத்தான் முதலில் காட்டுவேன்.

* * *

இருந்தாலும் பாரிஸுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அபத்த நாடகம் என்ற சரக்கு அங்கே தயாரானது.

1953-ஆம் வருஷம் ஜனவரி 5-ஆம் தேதி. பாபிலோன் என்று பெயர் கொண்ட ஒரு சின்ன நாடகக் கொட்டகை. ஸாமுவேல் பெக்கெட் என்ற ஐரிஷ்காரர் பிரெஞ்சு மொழியில் எழுதிய நாடகம். "கோடோவுக்காகக் காத்திருத்தல்" என்று நாம் பெயர் சொல்லிக் கொள்ளலாம். திரை தூக்கினால் ஒரு சாலை. இலையில்லாத ஒரு மரம். இரண்டு நாடோடிகள். கோடோ என்கிற ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் யார், எதற்காக வருகிறார், வந்தால் என்ன செய்வார், ஒன்றும் தெளிவாகத் தெரியாது. பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவன் பூட்ஸைக் கழற்றப் பாடுபடுகிறான். கடைசியில் ஒரு சிறுவன் வந்து, "ஐயா இன்றைக்கு வரமாட்டாராம், நாளைக்குக் கட்டாயம் வருவாராம்" என்கிறான். இரண்டாம் அங்கத்தில் மரத்தில் நாலைந்து இலைகள் துளிர்த்திருக்கின்றன. மற்றதெல்லாம் அப்படியே. மறுபடியும் சிறுவன். மறுபடியும் "நாளைக்கு."

இவ்வளவுதான் கதை. "இதற்கா டிக்கெட்டு?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அன்றைக்கும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் அதை எழுதியவருக்கு 1969-இல் நோபல் பரிசு வந்தது.

அந்த நாடகத்தை யார் சரியாகப் புரிந்து கொண்டார்கள் தெரியுமா? 1957-ஆம் வருஷம் நவம்பர் 19-ஆம் தேதி அமெரிக்காவில் ஸான் குவென்டின் சிறைச்சாலையில் ஏறக்குறைய 1,400 கைதிகளுக்கு முன்னால் அதை நடித்துக் காட்டினார்கள். பாட்டில்லை, டான்ஸில்லை, நாடகத்தில் ஒரு பெண் பாத்திரம்கூட இல்லை. கைதிகள் கூச்சல் போடப் போகிறார்கள் என்று நடிகர்களுக்கு நடுக்கம். ஆனால் கைதிகள் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதற்கும் முன்னால், 1950-இல், ருமேனியாவில் பிறந்த யூஜீன் அயனெஸ்கோ என்பவர் "வழுக்கைத் தலைப் பாடகி" என்று ஒரு நாடகம் போட்டார். அது பிறந்த கதை நமக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கும். அவர் இங்கிலீஷ் கற்றுக் கொள்ள ஒரு பால பாடப் புஸ்தகம் வாங்கினார். அதில், வாரத்துக்கு ஏழு நாட்கள் என்றும், தரை கீழே இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது என்றும் பாடம். ஒரு தம்பதி, தங்கள் பெயர் என்ன, தங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்பதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்கிறார்கள். தெரிந்த விஷயத்தைத் தெரிந்தவரிடமே இவ்வளவு கம்பீரமாகச் சொல்கிறார்களே என்று அவருக்குத் திகைப்பு. அதையே நாடகமாக்கிவிட்டார்.

அதில் ஒரு கட்டம். ஒரு கனவானும் சீமாட்டியும் சந்திக்கிறார்கள். "தங்களை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே!" என்று ஆரம்பித்து, இருவரும் ஒரே ரயிலில் வந்தவர்கள், ஒரே தெரு, ஒரே வீடு, ஒரே அறை, ஒரே கட்டில் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, "அப்படியானால் நாம் புருஷன் பெண்சாதி!" என்று முடிவுக்கு வருகிறார்கள். வழுக்கைத் தலைப் பாடகி கடைசி வரை மேடைக்கு வருவதே இல்லை. ஒத்திகையில் ஒரு நடிகர் வாய் தவறிச் சொன்ன வார்த்தையையே நாடகத்துக்குப் பெயராக வைத்துவிட்டார் ஆசிரியர். "மொழிக்கு நேர்ந்த சோகம்" என்பதுதான் தம் நாடகத்தின் விஷயம் என்று அவரே பிற்பாடு எழுதினார். பேச்சு இருக்கிறது, பொருள் இறங்கிப் போய்விட்டது.

இவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பொதுப் பெயர் வைத்தவர், மார்ட்டின் எஸ்லின். 1961-இல் வெளிவந்த அவருடைய புஸ்தகத்தின் பெயரே இந்த வகை நாடகங்களின் பெயராகிவிட்டது. வாழ்க்கையின் அபத்தத்தைப் பற்றி ஆல்பெர் காம்யு 1942-லேயே எழுதியிருந்தார். வேடிக்கை என்னவென்றால், இப்படிப் பெயர் சூட்டப்பட்ட ஆசிரியர்கள் அந்தப் பெயரை விரும்பி ஏற்றுக் கொள்ளவில்லை. குழந்தைக்குப் பெயர் வைத்தது பக்கத்து வீட்டுக்காரர். ஆனால் அந்தப் பெயர்தான் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஏறிவிட்டது!

* * *

இனி அந்தச் சொல்லைப் பார்ப்போம். இங்கிலீஷில் "அப்ஸர்ட்". லத்தீன் பாஷையில் அதன் மூலச் சொல்லுக்குச் சுருதி சேராதது என்று அர்த்தம். தம்பூரா ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போனால் எப்படியிருக்கும்? அது.

நம்முடைய "அபத்தம்" சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது. கட்டப்படாதது என்று பொருள். பூவைத் தொடுக்காமல் கூடையில் கொட்டி வைத்தால் அது மாலையாகுமா? ஒன்றோடொன்று சேராமல் அவிழ்ந்து கிடக்கிற பேச்சுக்கு அபத்தம் என்று பெயர். அதிலிருந்து பிழை, பொய் என்ற அர்த்தங்களும் வந்து சேர்ந்தன. "அப்ஸர்ட்" என்பதும் "அபத்தம்" என்பதும் காதுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி கேட்கின்றன. ஆனால் இரண்டும் வேறு வேறு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றில் சுருதி சேரவில்லை; இன்னொன்றில் நார் சேரவில்லை. இரண்டும் ஒரே சொற்றொடரில் வந்து சேர்ந்தது தமிழுக்கு அடித்த யோகம்.

தமிழில் இந்த மாதிரி நாடகங்கள் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தன. பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் புஞ்சை என்ற கிராமத்தில் பிறந்த ந. முத்துசாமி 1960-களின் கடைசியில் "காலம் காலமாக" என்ற நாடகத்தை எழுதினார். "நாற்காலிக்காரர்" என்று இன்னொன்று எழுதினார். "இது அபத்த நாடகம்" என்று விமரிசகர்கள் முத்திரை குத்தினார்கள். ஆனால் அந்த மனிதர் அடுத்தபடியாக எந்தப் பக்கம் நடந்தார் தெரியுமா? பாரிஸ் பக்கம் இல்லை, தெருக்கூத்துப் பக்கம்! புரிசையில் பரம்பரையாகக் கூத்து ஆடி வருகிறவர்களைத் தேடிப் போனார். 1977-இல் சென்னையில் அவர் ஆரம்பித்த நாடகக் குழுவுக்குக் "கூத்துப்பட்டறை" என்று பெயர் வைத்தார். 2012-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2018-இல் காலமானார். இன்று சினிமாவில் நாம் பார்க்கிற நல்ல நடிகர்கள் பலர் அந்தப் பட்டறையில் அடிபட்டு உருவானவர்கள்.

அபத்த நாடகக்காரர் என்று பெயர் வாங்கியவர், கூத்து என்ற சொல்லை எடுத்துத் தம் வாசலில் பலகையாக மாட்டினார். ஆக, நான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. உறவுதான். இரத்த உறவு இல்லாவிட்டாலும் சம்பந்தி உறவு.

* * *

ஆனால், இந்தச் சொற்களை நாம் வீட்டிலும் வெளியிலும் பிரயோகிக்கிற விதத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அதைச் சொல்ல என் அத்தையின் கதையைச் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு மாமாவின் குடும்பப் பென்ஷன் வந்து கொண்டிருந்தது. ஒரு காகிதத்தில் அத்தையின் பெயர் "அம்மா" என்று முடிந்திருந்தது. இன்னொரு காகிதத்தில் "அம்மாள்" என்று முடிந்திருந்தது. ஒரே ஓர் எழுத்து, "ள்" கூடுதல். அந்த "ள்" வந்து குறுக்கே படுத்துக் கொண்டதும் பணம் நின்றுவிட்டது. அத்தை ஓர் அலுவலகத்துக்குப் போனாள். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். எல்லா அலுவலகமும் எங்கள் அத்தைக்கு ஒன்றுதான். "அம்மாவும் அம்மாளும் ஒருவரே என்று சான்று கொண்டு வாருங்கள்" என்றார்கள். இன்னோரிடத்தில் போய்க் கேட்டால், "இரண்டு பேரையும் நேரில் அறிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்" என்றார்கள்.

"இரண்டு பேர் ஏது ஐயா? நான் ஒருத்திதானே!" என்றாள் அத்தை.

"அதைத்தான் அம்மா நிரூபிக்கச் சொல்கிறோம்" என்றார் அந்த மனிதர். பாவம், அவர் கெட்டவரில்லை. மரியாதையாகத்தான் பேசினார். உட்கார நாற்காலிகூடக் கொடுத்தார்.

செம்மங்குப்பத்துக்கும் கடலூருக்குமாக அத்தை பஸ்ஸில் ஏறி இறங்கினாள். இன்று போனால் நாளை. நாளை போனால் அதிகாரி லீவு. அதிகாரி வந்தால் ஸீல் வேறு ஒருவர் பீரோவில். நாலு மாதம் இப்படியே போயிற்று. என் தம்பி நாடகம், இலக்கியம் எல்லாம் படிக்கிறவன். அத்தை சொல்லச் சொல்ல அவன் வயிற்றைப் பிடித்துக் கொண்டு சிரித்தான். "அத்தை! இது அசல் அபத்த நாடகம்! இதை அப்படியே மேடையில் போட்டால் பிரைஸ் கிடைக்கும்!" என்றான்.

அத்தையும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "தம்பி, நாடகமென்றால் திரை விழுந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்டா. எனக்கு நாலு மாசமாக ரத்தக் கொதிப்பு மாத்திரையில் பாதியை உடைத்துப் போட்டுக்கொள்ளும்படி இருக்கிறது" என்றாள்.

தம்பியின் சிரிப்பு நின்று போயிற்று. மறுநாள் அவனே அத்தையோடு கிளம்பினான். கையெழுத்து, ஸீல், நகல் எல்லாம் வாங்கி முடிக்க இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. பணம் வந்தது.

பாருங்கள், "அபத்த நாடகம்" என்று சொன்ன மாத்திரத்தில், அத்தை மேடையில் இருக்கிறவளாகவும் நாமெல்லாம் பெஞ்சியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்களாகவும் ஆகிவிட்டோம். பெஞ்சியில் இருப்பவர்களுக்கு என்ன வேலை? சிரிக்கலாம், கை தட்டலாம், எழுந்து போகலாம். மாத்திரை வாங்கித் தருகிற வேலை பார்வையாளருக்குக் கிடையாதே!

* * *

இதைவிடக் கனமான ஒன்றையும் சொல்ல வேண்டும். செம்மங்குப்பம் என்ற பெயர் தேசமெங்கும் எல்லார் காதிலும் விழுந்த நாளைப் பற்றியது.

2025-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி காலை. எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் பள்ளிக்கூட வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். எத்தனையோ காலமாக அந்தத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் நாங்கள் நல்லதுக்கும் கெட்டதுக்கும் போய் வந்திருக்கிறோம். அன்றைக்கு அந்த இடத்தில் புஸ்தகப் பைகள் கிடந்தன.

அது "இன்டர்லாக்" செய்யப்படாத கேட். அப்படியென்றால் என்ன என்று நாம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. இன்டர்லாக் உள்ள கேட்டில், கேட்டை மூடினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். இரண்டையும் இயந்திரமே கட்டி வைத்திருக்கிறது. இல்லாத கேட்டில் அந்தக் கட்டு கிடையாது. ஸ்டேஷனிலிருந்து டெலிபோனில் ரயில் வருகிறது என்று சொல்வார்கள். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, மூடியதற்கு உறுதியாக ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை நம்பி ரயிலை அனுப்புவார்கள். இரும்புக்குப் பதிலாக அங்கே காவல் காப்பது மனிதருடைய ஒரு சொல்.

சொல்லுக்குப் பொருள் இல்லாமல் போவதைப் பற்றிப் பாரிஸில் நாடகம் எழுதினார்கள் என்றேன் அல்லவா? மேடையில் அது சிரிப்பு. கேட்டில் சொல்லும் செயலும் பிரிந்தால் அங்கே சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அன்று முழுவதும் டெலிவிஷனில் பேசினார்கள். கேட் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்பதிலேயே முதலில் பேச்சு இரண்டாக இருந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். எங்கள் தெருவில் யாரோ ஒருவர் சலித்துக் கொண்டு, "எல்லாம் நாடகம்!" என்றார். அவர் கோபம் நியாயமான கோபந்தான். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு என்னமோ செய்தது. இதற்குப் போய் நாடகம் என்று பெயர் வைத்தால், கேட்பதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காதே! கேட்டுக்கும் சிக்னலுக்கும் ஏன் கட்டுப் போடவில்லை, சுரங்கப் பாதை ஏன் வரவில்லை என்ற கேள்விகள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு அடியில் போய் ஒளிந்து கொண்டுவிடும்.

நல்ல வேளையாகக் கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ரயில்வே மந்திரி, கேட்டுகளில் காமிரா வைக்கவும், இன்னும் பல கேட்டுகளுக்கு இன்டர்லாக் போடவும் உத்தரவுகள் அறிவித்தார். அந்த மூன்று பிள்ளைகளுக்கு அது உதவாது. நாளைக்கு வேனில் ஏறுகிற பிள்ளைகளுக்கு உதவலாம்.

* * *

"அப்படியானால் இனிமேல் கூத்து என்றே சொல்லக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. ஐயையோ, அப்படிச் சொல்வேனா? அந்தச் சொல் இல்லாவிட்டால் நம் வீட்டில் பாதிப் பேச்சு நின்று போகும்! செருப்பை மாற்றிப் போட்ட பையனைப் பார்த்துத் தாராளமாகச் சொல்லுங்கள். உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்த ரசத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கட்சி மாறுகிற தலைவர்களைப் பார்த்து அபத்த நாடகம் என்று டெலிவிஷன்காரர்கள் சொல்லிக் கொள்ளட்டும். அந்தத் தலைவர்கள் அதற்கெல்லாம் வருத்தப்படுகிறவர்கள் அல்ல.

ஆனால் இந்தக் குடும்பத்துச் சொற்களில் ஒன்றை மட்டும், எடுப்பதற்கு முன் ஒரு விநாடி யோசியுங்கள் என்று கேட்டுக் கொள்கிறேன். "நாடகமாடாதே!" என்று ஒன்று இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

வயிற்றை வலிக்கிறது என்று பெண் குழந்தை சுருண்டு படுத்தால், "பள்ளிக்கூடம் போகாமலிருக்க நாடகம்" என்கிறோம். தலையைப் பிடித்துக் கொண்டு மருமகள் உட்கார்ந்தால், "வேலைக்குப் பயந்து நாடகம்" என்கிறோம். வயசான மாமியார் மூச்சு வாங்குகிறது என்றால், "மகன் வருகிற நேரம் பார்த்து நாடகம்" என்கிறோம். புருஷனிடம் ஒரு குறையைச் சொல்லி அழுகிற மனைவிக்கு எத்தனை வீடுகளில் இந்த ஒரு சொல்லே பதிலாகக் கிடைக்கிறது! அந்தச் சொல்லுக்கு மேல் அவள் என்ன பேச முடியும்? அழுதால் நடிப்பு என்பார்கள்; அழாவிட்டால், "பார்த்தாயா, நின்றுவிட்டது!" என்பார்கள். சபையில் நின்று கேள்வி கேட்டவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

ஆகவே, அடுத்த தடவை அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நிற்கும்போது, அதை விழுங்கிவிட்டு, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை அது நாடகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நமக்கு என்ன நஷ்டம்? ஒரு நாள் பள்ளிக்கூடமும் ஒரு வேளைக் காப்பியும்தானே! மீதி இரண்டு தடவைக்காக அந்தக் கேள்வியைக் கேட்டு வைப்பது நல்லது.